அடுப்பு பாடுமா, சொல்லு பேராண்டி!

வா பேராண்டி, குந்து. பேராதனையில இன்ஜினியரிங் படிக்கிற புள்ள, மடுல்கெல்ல லயத்துக்கு ஏறி வந்து எங்கிட்ட யோசனை கேக்குது. நக்கிள்ஸ் மலைக்கே சிரிப்பு வந்துரும். தேயிலை ஸ்டோர்ல ட்ரையர் அடுப்புக்கு விறகு தள்ளினவன் நான், எனக்கென்ன தெரியும்?

தீயால சத்தம் கிளம்பி எஞ்சின் அதிருறத உன் மாடல் சரியாச் சொல்லுதுன்னு குதிக்கிற. எதைடா சரியாச் சொன்னுச்சு? சுருதியையா? ரெண்டு பக்கமும் திறந்த ஒரு மீட்டர் குழாய், நொடிக்கு 170 தரம் அதிரும். சூடேறினா கொஞ்சம் கூடும். அதைக் குழாயோட நீளமே சொல்லிருமே! மாப்பிள்ளை எவ்வளவு உசரம்னு அளந்து சொன்ன தரகன், குடிப்பானான்னு கேட்டதும் வெத்தல பெட்டியத் தேடுன கதையா இருக்கு.

பாடுமா, பாடாதா? கேள்வி அதுதான். ரைக்கேன்னு ஒரு டச்சுக்காரர் 1859ல காட்டினாருன்னு நீதானே சொன்ன? நிமிர்த்தி வச்ச குழாய்ல, கீழ்ப்பாதியில கம்பி வலையச் சூடாக்கினா குழாய் பாடும். அதே வலைய மேல்பாதியில வச்சா வாயே திறக்காது. குழாயும் அதே, சூடும் அதே! 1878ல ரேலி பிரபு காரணம் சொன்னாரு: காத்து நெருக்குற நேரம் பாத்துச் சூடு குடுத்தா அதிர்வு வளரும், விரியுற நேரம் குடுத்தா அடங்கும். ஊஞ்சல் ஆட்டுன எந்தக் கிழவிக்கும் தெரிஞ்சதுதான். ஆனா தீ உடனே அசையாதே, கொஞ்சம் சுணங்குமே? 170 தரம் அதிருற குழாய்ல நொடியில ஆயிரத்துல மூணு பங்கு கணக்குப் பிசகினா, வளக்குற தீ அடக்குற தீ ஆயிரும்.

இன்னொண்ணு. சம்பளம் 100 ரூவான்னு வை. அரிசிக் காசு, தீவாளி அட்வான்ஸ்னு பிடிச்சது 98. கையில ரெண்டு. பிடிப்ப எழுதுனவன் மூணு ரூவா தப்பினா நீ கடன்காரன். அதிர்வு வளருற வேகமும் இப்படித்தான்: தீ குடுக்கிறதுல, குழாய் வாய் வழியா ஓடிப்போறதும் சுவர் தின்னுறதும் கழிச்சு மிஞ்சுற சில்லறை. வரவ அளக்க ஓடுறீங்க, பிடிப்ப ஊகிச்சு எழுதுறீங்க. அப்புறம் எங்க தேறும்?

சந்திரனுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டோட எஃப்-1 எஞ்சின், 1962ல சோதனையில உறுமிச் சிதறிச்சாம். அதைச் செஞ்சவங்க கணக்க மட்டும் நம்பி உக்காரல. ஏறக்குறைய 2000 தரம் எரிச்சாங்க. எரியுற அறைக்குள்ளேயே குட்டி வெடி வச்சு, அதிர்வு தானா அடங்குதான்னு பாத்தாங்க. காமன் கூத்துக்குத் தப்பு காய்ச்சுறவனும் ஓங்கி ஒரு அடி அடிச்சுப் பாத்துட்டுத்தான் தோள்ல போடுவான்.

சென்னை ஐஐடியில சுஜித்னு ஒரு ஐயாவோட கூட்டம் வேற வழி பிடிச்சிருக்கு. முழுசா உறும முன்னாடி, தீ அப்பப்ப முனகிட்டு அடங்குமாம். அந்த முனகலைக் கேட்டே எச்சரிக்கலாங்கிறாங்க. எங்க ட்ரையர் அடுப்பும் அப்படித்தான் முனகும்; எனக்குத்தான் அதைக் கட்டுரையா எழுதத் தெரியல.

உனக்கு மூணு சொல்றேன், கேட்டுக்க. தீ மூட்ட முன்னாடியே, பாடுமா பாடாதாங்கிற பதிலைச் சீட்டுல எழுதி ஒட்டி அடுத்தவன் கையில குடு. பாத்துட்டுத் திருத்துறது ஜோசியக்காரன் தொழில். பாடாத நாளையும் கணக்குல சேத்துக்க. மப்பு கண்டதும் மழைன்னு தினம் சொன்னா, இந்த மலையில நானும் நிபுணன்தான். பிடிப்ப, தீ இல்லாம வெறும் குழாய்ல தனியா அளந்து பாரு.

சரி, எந்திரி. அடுப்புல தேத்தண்ணி வச்சிருக்கேன். எப்ப கொதிக்கும்னு கணக்குப் போடாம, போய் ஊது.