வாளும் விடுதலைப் பத்திரமும்

மார்ச் 8 வந்தால் சேலம் முதல் நாமக்கல் வரை கல்லூரி மேடைகளில் வேலு நாச்சியார்களுக்குப் பஞ்சமில்லை. தெர்மாகோலில் வாள் வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் காலத்திலேயே நம் பெண்கள் போர்க்களம் கண்டவர்கள் என்று சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் முழங்குவார். கைதட்டல் ஓய்வதற்குள் வார்டன் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட் பூட்ட வேண்டும். வீராங்கனைகளுக்கும் விலக்கு கிடையாது.

வேலு நாச்சியார் சிவகங்கைக்காரர். ஐதர் அலியின் உதவியோடு 1780இல் சீமையை மீட்டவர். இரவல் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. இந்த மண் தன் சொந்தப் பெண்களுக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். கோயிலே கட்டிக் கும்பிடுகிறோமே என்கிறார்கள். உண்மைதான், கொங்கு நாட்டில் வீரமாத்தி கோயில்கள் உண்டு. அந்த அம்மா எந்தப் போரில் வென்றாள் என்று கேட்டுப் பாருங்கள். புருசன் செத்தான், இவள் தீயில் இறங்கினாள். படையெடுப்பு அவ்வளவுதான். மாடு மீட்கப் போய்ச் செத்த ஆணுக்கு நடுகல் நட்டவர்கள், பெண்ணுக்கு மாடு மீட்கும் வேலையைத் தரவில்லை. எரியும் வேலையைத் தந்தார்கள். சாம்பல் ஆறியதும் பொங்கல் வைத்தார்கள்.

அரண்மனையிலும் இதே சட்டம்தான், பட்டுச்சேலை மட்டும் கூடுதல். சுந்தர சோழர் இறந்தபோது வானவன் மாதேவி பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு மெச்சிப் பேசுகிறது. பிள்ளை அழுததா என்று கல்லில் வெட்ட இடம் போதவில்லை போலும்.

மதுரை மங்கம்மாளைப் பாருங்கள். இந்தச் சேலத்துச் சமவெளி மதுரை நாயக்கருக்கும் மைசூருக்கும் இடையில் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. 1682இல் கணவர் சொக்கநாதர் போனபோது மங்கம்மாள் தீயில் இறங்கவில்லை, மகனை ஆளாக்க வேண்டியிருந்தது. 1689இல் அந்த மகனும் அம்மையில் போனான். கர்ப்பிணி மருமகள் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டாள். பாட்டி பேரனுக்காக 1706 வரை ஆண்டார். படை அனுப்பினார், சாலை போட்டார், சத்திரம் கட்டினார். அரியணை மட்டும் பேரனுடையது. பதினேழு வருசம் அதைத் தூசி தட்டி வைத்ததுதான் கிழவியின் பதவி.

இன்று அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கி முன்னேறிவிட்டோம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஊராட்சித் தலைவரைப் பார்க்கப் போனால் வெள்ளை வேட்டியில் ஒருவர், "சொல்லுங்க, நான்தான் தலைவரு வூட்டுக்காரரு" என்கிறார். தலைவர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருக்கிறார்.

இவையெல்லாம் உயிரோடு வளர்ந்தவர்களின் பாடு. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு எந்த ஊரில் தொடங்கியது? சேலத்தில். பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், வேண்டாமென்றால் எங்களிடம் போட்டுவிடுங்கள் என்று அரசே தொட்டில் கட்டிக் கெஞ்சியது. 2001 கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குச் சேலம் மாவட்டத்தில் பெண் குழந்தைகள் 851. கள்ளிப்பால் விட்டதை ஸ்கேன் சென்டர் பிடித்தது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் மட்டும் ஒரு குறையுமில்லை. சூலம் ஏந்திய தாய், நம் வீட்டில் மகளாகப் பிறக்காததால் பிழைத்தாள்.

அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும்போது, படுகளத்தில் கிடக்கும் பொன்னரையும் சங்கரையும் தங்கை தங்காள் எழுப்பும் கட்டத்தில் மீசைக்காரர்களும் விம்மி அழுவார்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் தங்கச்சியைக் காரில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிவருவார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்துவிட்டதே, அதனால் வந்த கார் செலவு.

"அம்மிணி, விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ கண்ணு."

போட மாட்டேன் என்று அவள் சொல்லட்டும். தங்காளுக்காக அழுத அதே வாய் அவளை என்ன சொல்லித் திட்டும் என்பதைப் பத்திரிகையில் அச்சிட முடியாது. அடுத்த பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீரும் வராது.