ஏழும் எட்டும் எழும்பூர்: கூட்டல் மனனவியல் குறித்த ஒரு புறநகர் ஆய்வு

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குட்பட்ட ஒன்றாம் வகுப்பு மாணாக்கர், எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் முதலில் மோட்டுவளையைப் பார்க்கின்றனர், பிறகு விரலை, அதன்பின் அம்மாவின் முகத்தை. இம்மூன்றனுள் விடை மிகுதியும் கிடைக்கும் இடம் மூன்றாவதே (காண்க: பெற்றோர் வாட்ஸ்அப் குழு, இரவு பத்து மணிக்கு மேற்பட்ட புலம்பல்கள், பலவிடத்தும்). இக்கட்டுரை அதை நிறுவ முயல்கிறது. நிறுவாவிட்டாலும் முடிவுரை மாறாது என்பது ஆய்வு மரபு.

ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 81 கணக்குகள். 3+5-ம் 5+3-ம் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டால் 45. ஒப்புக்கொள்ளாமல் இரண்டுக்கும் இடையே பாடபேதம் கண்டு பட்டம் பெறுவோருக்கு 81 ஆகவே இருக்கட்டும். இந்த 45-ல் விடை பத்தைத் தாண்டாதவை 25. மீதி 20தான் குடும்ப நிம்மதியைக் கெடுப்பவை.

வகைப்பாடு வருமாறு. சுழியைக் கூட்டல்: ஆய்வுக்கு இடமில்லை, ஆய்வு நிதிக்கு உண்டு. ஒன்றைக் கூட்டல்: அடுத்த எண். இரட்டைகள்: பிள்ளைகள் தாமே பாடிக்கொள்ளும். பத்தாகும் சோடிகள்: ஐந்தே ஐந்து.

இனி விரலியல். சிட்லபாக்கம் மாடிப்படி மரபில் பாட்டி சொல்லும் சூத்திரம் இது: "மனசுல எட்டு, விரல்ல அஞ்சு. எட்டுக்கு அப்புறம்?" கட்டைவிரல் நுனி சுண்டுவிரல் கோட்டில் தொடங்கி மேலேறும். விரலுக்கு மூன்று கோடு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஒரு கையிலேயே கணக்கு முடிந்துவிடும், மறு கையில் முறுக்கு இருக்கலாம். விரலை நீட்டி எண்ணுகிறவர்களுக்குப் பத்தோடு சரக்கு தீர்ந்துவிடுகிறது. கால் விரல்களை எல்.கே.ஜி.யிலேயே ஷூவுக்குள் அடைத்தாயிற்று. ஆனால் எந்த மரபிலும் ஒரு விபத்து தவறாமல் நிகழும். முதல் கோட்டைத் தொடும்போதே பிள்ளை "எட்டு" என்று தொடங்கும். விடை 12 ஆகும். பாட்டி தன் நெற்றியைத் தொடுவாள்.

இதற்குத் தீர்வாக யாம் முன்வைப்பது பழவந்தாங்கல் தேற்றம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்ரயில் நிலையங்கள் 18. ஒற்றை இலக்கக் கூட்டலின் உச்சமான 9+9-ம் 18. இதைத் தற்செயல் என்போர் கிண்டியில் இறங்கிப் பார்க்கவும்: அது ஒன்பதாவது, அதற்கப்பால் சைதாப்பேட்டை முதல் கடற்கரை வரை இன்னும் ஒன்பது. 1931-ல் இத்தடத்தில் மின்ரயில் விட்ட வெள்ளைக்காரன் இதை அறிந்தே செய்தான் என்று துணிவதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே துணிகிறோம் (தண்டவாள பாடியம், இரண்டாம் பெட்டி, சன்னலோர நூற்பா 7, இதற்கு நின்றுகொண்டே வந்தவர் எழுதிய மறுப்புரையும் உண்டு, நசுங்கிய பிரதி).

ஏழாவது நிலையம் பழவந்தாங்கல். அங்கிருந்து எட்டு நிலையம் கடந்தால் எழும்பூர், பதினைந்தாவது. பரங்கிமலையில் ஏறி ஏழு கடந்தாலும் அதே எழும்பூர். பரிமாற்றுப் பண்பு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். டிக்கெட் வாங்கியவருக்கு விளக்கவுரை தேவையில்லை. தேற்றத்தின் உயிர்நிலை வேறொன்று: நிற்கிற ஸ்டேஷனை எண்ணக் கூடாது. எண்ணினால் சேத்துப்பட்டில் இறங்கிவிடுவீர்கள். பாட்டியின் நெற்றி காப்பாற்றப்படுவது இவ்விடத்தில்தான். சில நிலையங்களில் நில்லாத ஃபாஸ்ட் வண்டிகள் குறித்த அதிகாரம் செல்லரித்துவிட்டது.

எழும்பூரில் இறங்கியது வீண் இல்லை. அங்கிருந்த ஆண் பிள்ளைகள் அநாதை விடுதிக்கு 1789-ல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் விடுதிக்குக் கொண்டுபோனார். பெரிய பையனைக் கொண்டு சின்னவனுக்குச் சொல்லித் தரச் செய்தார். 1797-ல் லண்டனில் புத்தகமும் போட்டார். மெட்ராஸ் முறை என்று அது பேர் பெற்றது. இங்கே அந்தப் பெரிய பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர், மேற்கோள் காட்டப்படும் உரிமை மட்டும் இல்லை. அதே திண்ணைகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பிள்ளைகள் உரக்கச் சொன்னார்கள். முந்திரி என்ற 320-ல் ஒரு பங்கு வரை அவர்கள் நாக்கில் இருந்தது. நெல் அளக்கிற ஊரில், பொருள் தெரியாமல் நெல்லிலக்கம் ஒப்பித்தார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய கல்வியாளர் இதற்கு உடன்படார். மனப்பாடம் சிந்தனையைக் கொல்லும் என்று கருத்தரங்கில் முக்கால் மணி நேரம், தாளைப் பாராமல், சென்ற ஆண்டு பேசியதிலிருந்து ஓர் எழுத்து மாறாமல் பேசுவார் (மேடைத் தொகுதி, பொன்னாடைப் படலம், கைதட்டல் காரணமாகக் கேட்காத பகுதி). 13-க்குள் 8-ம் 5-ம் இருப்பதைப் புளியங்கொட்டையில் பிரித்துக் காட்டுங்கள். புரிந்தபின் இருபது தடவை சொல்ல வையுங்கள். இரண்டும் ஒரே சாயங்காலத்தில் நடக்கக் கூடியவைதான்.

கடைசியாக, கிளாம்பாக்கம் ரயில் நிலையத்தால் இத்தேற்றம் என்னாகும் என்று கவலைப்படும் பெற்றோருக்கு: அந்த இடம் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில், தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 9+9-க்கு ஆபத்தில்லை.