சாயங்காலக் கணக்கு

கேள்வி: காலையில் பிசகாமல் கூட்டும் நான், சாயங்காலமானால் ஆறையும் ஒன்பதையும் மாற்றிப் போடுகிறேனே, ஏன்?

பதில்: தப்புச் செய்த பத்தில் ஒரு நொடிக்குள் மூளையின் முன்பக்கம் 'ஐயையோ' என்று ஒரு மின் அலை எழும். தலையில் மின்முனை ஒட்டிப் பார்த்தால் தெரியும். மணிக்கணக்கில் உழைத்துச் சோர்ந்தால் அந்த அலை அடங்கிப்போகிறது. தப்பும் கூடும், தப்பென்று உறைப்பதும் குறையும். (மேலதிகாரிக்கு மட்டும் எந்நேரமும் உறைக்கும்!)

2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் மூளையைக் கசக்கியவர்களின் முன்மூளையில் குளூட்டமேட் என்ற ரசாயனம் கூடியிருப்பதைக் கண்டார்கள். பொறுத்தால் வரும் பெரிய தொகையை விட்டு, கைக்கு உடனே வரும் சில்லறைக்கே அவர்கள் அதிகம் தாவினார்களாம். சம்பள உயர்வுப் பேச்சைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.