முதல் கட்டம் குறித்து ஒரு மனு

அனுப்புநர்:
பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன போடுவது என்று தாங்கள் முடிவு செய்யும்வரை நிலுவையில் வைத்திருக்கிறேன்.

பெறுநர்:
படிவங்களில் முதல் கட்டத்தை வரையும் அதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: வங்கிக் கணக்கில் முகவரி மாற்றம் – கல்யாண விசாரணையிலிருந்து விலக்கு கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஊழியர் என் கழுத்தைப் பார்த்த பார்வை.

மதிப்பிற்குரிய ஐயா,

'ஐயா' என்று போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதப் பழக்கியபோதே அப்படித்தான் பழக்கினார்கள். தாங்கள் அம்மாவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எப்படிப்பட்ட அம்மா என்று நான் விசாரிக்க மாட்டேன்.

தங்கள் கிளையில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. என் பெயரை அடித்தார், பிறந்த தேதியை அடித்தார், அதற்குமேல் நகர முடியவில்லை. அவர் விட்டுவிட்டு வந்த, சிவப்பு நட்சத்திரம் போட்ட முதல் கட்டம் வழிமறித்தது. "மேடம், மிஸ்ஸா மிஸஸா?" என்று வாய் கேட்பதற்குள் கண் என் கழுத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஒன்றும் அகப்படாமல், மேசையைத் தாண்டி எட்டிக் கால் விரலைப் பார்த்தது. நான் ஷூ போட்டிருந்தேன்.

"விவாகரத்து ஆயிடுச்சு தம்பி" என்றேன். பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். "அதுக்கு ஆப்ஷன் இல்ல மேடம்." வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "மிஸஸ்னே போடுப்பா, ஒரு காலத்துல இருந்தவங்கதானே" என்று தீர்ப்பு வழங்கினார். குடும்ப நீதிமன்றத்தில் முடிந்துபோன வழக்கு, தங்கள் கிளையில் மேல்முறையீட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு முன்னால் வந்தவருக்கோ 'மிஸ்டர்', ஒரே சொடுக்கு. அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா, எத்தனை ஆயிற்று என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்தப் பட்டியலில் தப்பிக்க ஒரு வழி இருப்பதையும் கவனித்தேன்: டாக்டர். ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு வரும் பெண்ணிடம் மட்டும் தங்கள் கணினி தாலி கேட்பதில்லை. நீட் தேர்வுக்கு இப்போது உச்ச வயது வரம்பு கிடையாதாம். முகவரி மாற்றத்துக்காக எழுதிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

தமிழில் படிவம் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று தாங்கள் சொல்லக்கூடும். 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி மூன்றையும் எடுத்துவிட்டுத் திரு, திருமதி, செல்வி என்று எழுதச் சொன்னது. நல்ல தமிழ், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பழைய வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்ததே ஒழிய அறைகள் அதே மூன்றுதான். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு.

விளைவைப் பாருங்கள். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்த காமராஜர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதற்காக அவரைச் 'செல்வன் காமராஜ்' என்று எழுத எந்தக் குமாஸ்தாவுக்கும் கை வரவில்லை. ஜெயலலிதாவோ 1991-இல் கோட்டைக்குப் போனபோதும் செல்வி, 2016-இல் 68 வயதில் காலமானபோதும் செல்வி. அமைச்சர்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்ட ஒருவருக்கே கல்யாணமாகவில்லை என்ற தகவலைப் பெயருக்கு முன்னால் ஒட்டித்தான் செய்திக்குறிப்பு போயிற்று. நானெல்லாம் எம்மாத்திரம்?

செல்வன் என்ற அடைமொழி ஆணுக்கு இல்லாமல் இல்லை. பள்ளி ஆண்டுவிழா மேடையில் வரும். மீசை முளைத்தால் தானாகக் கழன்றுவிடும். கல்யாணப் பத்திரிகையில் மறுபடி தலைகாட்டும். அங்கே திருவளர்செல்வன் என்றால் வீட்டில் இன்னும் பிள்ளை பாக்கி, திருநிறைச்செல்வன் என்றால் இதோடு சரி என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். வரன் தேடுகிறவர்களுக்கு அது உபயோகமான தகவல். தாங்கள் எனக்கு வரன் பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

கணவனை இழந்தவர்கள் நிலைமை இன்னும் விசேஷம். 2023-இல் மகாராஷ்டிர அமைச்சர் ஒருவர் அவர்கள் பெயருக்கு முன்னால் 'கங்கா பாகீரதி' என்று போடலாம் என யோசனை சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும், சும்மா பேசிப் பார்த்தோம் என்றார். மரியாதை செய்கிறார்களாம்! என் அத்தைக்கு வரும் தபாலில் இன்றைக்கும் 'க/பெ. (லேட்)' என்று தொடங்கி மாமா பெயர் இருக்கிறது. காலமானவருக்கு உறைமேல் இருக்கும் இடம், பென்ஷன் வாங்கும் அத்தைக்கு இல்லை.

பிற நாட்டு அலுவலகங்கள் இதை எப்போதோ முடித்துவிட்டன. மேற்கு ஜெர்மனி 1972-இல் 'ஃப்ராய்லைன்' என்பதை அரசு எழுத்திலிருந்து தூக்கியது; பிரான்ஸ் 2012-இல் 'மத்மொஸெல்' கட்டத்தை நீக்கச் சுற்றறிக்கை விட்டது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்மூர்ப் பஸ் கண்டக்டர் நாளெல்லாம் பெண்களைக் கூப்பிடுகிறார்: அம்மா, அக்கா, பாப்பா. எவரிடமும் கல்யாண விவரம் கேட்காமல்தான் டிக்கெட் கிழிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கோ பேரன் எடுத்த டீச்சரும் மிஸ்தான்.

சமத்துவம்தான் தங்களுக்குச் சிக்கல் என்றால் ஆண்களுக்கும் பட்டியலை விரியுங்கள்: ஆகாதவர், ஆனவர், ஆகியும் ஆகாததுபோல் திரிபவர், பத்து வருடமாகப் பெண் பார்த்துக்கொண்டே இருப்பவர். பொருந்துவதை டிக் செய்யவும். அதைவிட மலிவான வழி ஒன்றும் உண்டு. பெயரை மட்டும் எழுதிப் பின்னால் 'அவர்கள்' என்று போடுங்கள். நூறு வயது ஆணுக்கும் பொருந்தும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் பொருந்தும். மென்பொருள்காரர் அரை நாளில் முடித்துத் தருவார்.

கல்யாண விவரம் உண்மையிலேயே தேவைப்படும் படிவங்கள் இருக்கின்றன. வாரிசுச் சான்று இருக்கிறது, கூட்டு வீட்டுக் கடன் இருக்கிறது. அங்கே அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், ஆணிடமும் கேளுங்கள், பதில் சொல்கிறோம். என் பெயருக்கு முன்னால் உள்ள அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை மட்டும் இந்த மாதத்துக்குள் எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு வைத்திருப்பவர்