டூர் பெரியப்பா

"குற்றாலம் போயிட்டு வருவோமா?" என்று டூர் பெரியப்பாவிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கூடக் கேட்டுவிடக் கூடாது. "எந்தக் குற்றாலம்?" என்பார். ஐந்தருவியா, பழைய குற்றாலமா என்று கேட்கிறார் போலும் என்று நாம் நினைப்போம். அதெல்லாம் பின்னால் வரும் உட்பிரிவு. அவர் கணக்கில் குற்றாலமே மூன்று. சித்திரையில் இருப்பது பாறைக் குற்றாலம். அருவி விழ வேண்டிய இடத்தில் குரங்குகள் உட்கார்ந்து வந்தவர்களை வேடிக்கை பார்க்கும். ஜூன் பிறந்து, தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரத்தோடு நுழைந்துவிட்டால் அது சாரல் குற்றாலம். ஐப்பசி, கார்த்திகையில் மலை மேலே கொட்டித் தீர்த்து, மெயின் அருவியில் ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர் பாய்ந்தால் அது போலீஸ் குற்றாலம். குளிக்கத் தடை போட்டு, கிட்டேயே விடமாட்டார்கள். "இதுல எதுக்குப் போகணும்னு தெளிவாச் சொல்லு. நான் ஏற்பாடு பண்ணுதேன்."

கேட்டவனுக்கு அங்கேயே குளித்து முடித்த மாதிரி ஆகிவிடும்.

இப்படி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். சில வீடுகளில் அவர் சித்தப்பா, சில வீடுகளில் தாய்மாமன். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அநேகமாகச் சங்கச் செயலாளர். நாம் பார்க்கிற பெரியப்பா தென்காசிப் பக்கத்தில் பிறந்து, உத்தியோகத்துக்குச் சென்னை வந்து, அம்பத்தூரில் வீடு கட்டி, ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வரத் தொடங்கிய மாதமே அவர் வாங்கியது ஒரு நீள நோட்டு, ஓர் அடிக்கோல், சிவப்பு ஊதா என்று இரண்டு பேனா. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: மழை, நடை, கடை, உறவு. மழை என்றால் பருவநிலை. நடை என்றால் கோயில் நடை திறந்து சாத்தும் நேரம். கடை என்றால் எந்த ஊரில் எது தின்னத் தக்கது என்பது. உறவு என்ற கடைசிக் கட்டத்தைப் பெரியம்மாவின் வற்புறுத்தலால் சேர்த்தார். அதனால் விளைந்ததைப் பிறகு பார்ப்போம்.

மழைக் கட்டத்தில் அவரை மடக்க யாராலும் முடியாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது என்பதில் தொடங்குவார். நாடு முழுக்க நனைகிற ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நின்றுகொள்வதால், வால்பாறையில் குடை பிடிக்கிற அதே நாளில் தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் கண்ணைப் பறிக்கும் என்பார். ஜூனில் சென்னை கொதிக்கும்போது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புண்ணியத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஃபேனைக் குறைத்து வைத்துத் தூங்குவார்கள் என்பார். சொல்வது எல்லாம் சரி. சொல்கிற தொனியில்தான், அந்தக் கணவாயை இவரே முன்னின்று வெட்டியது போல ஒரு நிறைவு தெரியும்.

ஒருமுறை மருமகள் ஆசையாக, "மாமா, ஜூலைல வால்பாறை போலாமா? பச்சைப் பசேல்னு இருக்குமாம்" என்றாள். பெரியப்பா மறுக்கவில்லை. ஆழியாறிலிருந்து ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் என்றார். பக்கத்துச் சின்னக்கல்லார், மாநிலத்திலேயே அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று என்றார். மழைக்காலத்தில் அங்கே அட்டைகள் எந்தெந்த வழியாகக் காலில் ஏறும் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் நிதானமாக விளக்கினார். மருமகள் அந்த விடுமுறையை அம்மா வீட்டில் கழித்தாள்.

கடைக் கட்டம் அவருடைய இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பது. பண்டங்கள் புவிசார் குறியீடு வாங்கிய வருஷங்களைப் பேரப்பிள்ளைகளின் பிறந்த நாளைவிடத் துல்லியமாகச் சொல்வார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019, கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020, மணப்பாறை முறுக்கு 2023. அம்பத்தூர்க் கடையில் விற்கும் கோவில்பட்டி கடலை மிட்டாயைத் தொடமாட்டார். பண்டத்தை அதன் ஊரில், அதன் வேளையில் தின்ன வேண்டும் என்பது கட்சி. விருதுநகர் என்றால் எண்ணெய் பரோட்டா, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. நெல்லையில் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். ஆகையால் நான்கு மணிக்கு நெல்லையப்பர் கோயில் நடை திறந்ததும் உள்ளே போய், தரிசனம் முடித்து வெளியே வந்தால் எதிரிலேயே அல்வா. நடையும் கடையும் இப்படிக் கைகோத்து நிற்கிற ஊர் வேறு எது என்று கண் பனிக்கக் கேட்பார்.

மீன் விஷயத்தில் அவர் சட்டம் பேசுவார். மே மாத விடுமுறையில் மகன், "கன்னியாகுமரி போய் நல்ல மீன் குழம்பு சாப்பிடலாம்ப்பா" என்று வாயைத் திறந்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நோட்டில் இந்த இரண்டு தடையும் ஒன்றன் மேல் ஒன்று விழுகிற ஜூன் முதல் பாதியைச் சிவப்பு மையால் குறுக்காக அடித்து வைத்திருக்கிறார். "அப்போ மேற்குப் பக்கம் மே மாசத்துல மீன் கிடைக்குமில்ல?" என்றான் மகன். "கிடைக்கும். ஆனா அக்னி நட்சத்திரத்துல மீன் குழம்பு திங்கணுமா?" அதோடு பேச்சு முடிந்தது.

பிறகு எப்போதுதான் போவது? இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருப்பார். தை என்றால் பொங்கல். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள் ஜல்லிக்கட்டு, மதுரைப் பக்கம் அறை கிடைக்காது. மாசி பிறந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிடும். பங்குனி உத்திரத்துக்குச் சொந்த ஊர் சாஸ்தா கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். அது சுற்றுலாவில் சேராது, கடமை. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார், மதுரை வழியாக வண்டி போகாது. வைகாசி வரை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஊரே கிளம்பும். 2024 மே முதல் இ-பாஸ் வேறு. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஆடியில் குற்றாலத்தில் மனிதத் தலைகளுக்கு நடுவே தண்ணீரைத் தேட வேண்டும். ஆவணியில் வரிசையாகக் கல்யாணப் பத்திரிகைகள். புரட்டாசியில் வீட்டில் அசைவம் கிடையாது, கடைக் கட்டத்தில் பாதி அடிபட்டுப் போகும். ஐப்பசியில் தீபாவளி, புயல் சின்னம், கல்லாறு–குன்னூர் பாதையில் மண்சரிந்து மலை ரயில் ரத்து. கார்த்திகையில் எங்கே திரும்பினாலும் மாலை போட்ட சாமிகள், குற்றாலமும் அவர்களுக்கே. மார்கழியில் பெரியம்மா வாசல் கோலத்தை விட்டு நகரமாட்டாள்.

பன்னிரண்டு மாதமும் தீர்ந்தது. பெரியப்பா நோட்டை மூடி, மேலே அடிக்கோலை வைப்பார்.

இருந்தாலும் ஒரு தடவை நிஜமாகவே போனார்கள். காலாண்டு விடுமுறை, அதாவது புரட்டாசி. பொதிகை எக்ஸ்பிரஸில் நான்கு மாதத்துக்கு முன்பே இடம் பிடிக்கும் வழக்கமுள்ளவர் அவர். ரயில்வே அந்த 120 நாள் முன்பதிவை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்ததைத் தன் மீது தொடுத்த நடவடிக்கையாகவே எடுத்துக்கொண்டு, "இனி அந்த ரயில்ல ஏறமாட்டேன்" என்று வேன் பேசிவிட்டார். முந்தைய இரவு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். காலை 3.30 எழுதல். 3.30–3.40 பல். 4.15 புறப்பாடு. வழியில் அந்தந்த ஊர்ப் பண்டம் இருக்கும்போது வீட்டிலிருந்து புளியோதரை கட்டுவது அந்த ஊர்களுக்குச் செய்யும் அவமானம் என்று அடிக்குறிப்பும் உண்டு. பெரியம்மா ஒரு தூக்குவாளி நிறையக் கட்டினாள். விழுப்புரம் தாண்டுவதற்குள் அது காலி. பெரியப்பாவும் இரண்டு தட்டு தின்றார்.

திருச்சியிலிருந்து மதுரைக்கு நேர்ச் சாலை இருக்க, வேன் மணப்பாறை வழியாகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியதற்குத் தாளில் சொல்லப்பட்ட காரணம் முறுக்கு. சொல்லப்படாத காரணம் சீரகச் சம்பா பிரியாணி. விரத மாதத்தில் பெரியம்மா தூங்கும் நேரமாகப் பார்த்துத் திண்டுக்கல்லைச் சேர வேண்டும் என்பதற்காகவே மூன்றரை மணிக்கு எழுப்பியிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. கணக்கு பிசகவில்லை. நகருக்குள் நுழையும்போது பெரியம்மா நல்ல உறக்கம். ஆனால் ஓட்டுநரிடம் ரகசியம் சொல்லி வைக்கவில்லை.

"சார், நீங்க சொன்ன பிரியாணிக் கடை வந்திருச்சு!"

பெரியம்மா கண்ணைத் திறந்து கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியம் அனைவரும் ஒரு சைவ ஓட்டலில் தயிர்சாதம் சாப்பிட்டார்கள்.

மதுரையை அடைந்தபோது மணி ஒன்றரை. மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியாகிவிட்டது. நம் ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் தாண்டி நான்கு மணி வரை திறப்பதில்லை என்பது இவருக்குத் தெரியாததா? தெரியும்; முறுக்கு வாங்கப் போன இடத்தில் அதன் வரலாற்றைக் கடைக்காரருக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்ததில் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

அடுத்தது திருநெல்வேலி. இங்கேதான் உறவுக் கட்டம் விசுவரூபம் எடுத்தது. மகன் காதலித்துக் கட்டியதால் சம்பந்தி வீடு சுத்த சைவம், பாளையங்கோட்டையில். நெல்லையைத் தொட்டுவிட்டுச் சம்பந்தி வீட்டு வாசல்படி மிதிக்காமல் போனால் அது பேச்சாகிவிடும். தாளில் "சம்பந்தி வீடு, காபி மட்டும், 5 நிமிடம்" என்று போட்டிருந்தார். சம்பந்திக்கு அந்தத் தாள் கொடுக்கப்படவில்லை. உள்ளே தேங்காய்ப்பால் பிழிந்து, சொதி கொதித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற பதார்த்தம் அது. அதை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல நெல்லைச் சீமையில் யாருக்கும் வாய் வராது. கூடவே உருளைக்கிழங்கு, சொதியின் கனத்தைச் செரிக்க வைக்க இஞ்சித் துவையல்.

"சாயந்திரம் நாலு மணிக்கு மேல என்ன சாப்பாடு சம்பந்தி..." என்று இழுத்தார் பெரியப்பா.

"நேரம் பாத்தா பசிக்கும்? உக்காருங்க, இல போட்டாச்சு."

மூன்றாம் தடவை சொதி ஊற்றும்போது சுவர்க் கடிகாரத்தில் ஆறே கால். பெரியப்பாவின் முகத்தில் அல்வா இறங்கிப் போவதை மருமகள் கவனித்திருக்க வேண்டும். அப்பாவிடம் கண்ணைக் காட்டினாள். சம்பந்தி எழுந்துபோய் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். சாயங்காலமே கடைக்கு ஆளனுப்பி, வரிசையில் நிற்க வைத்து வாங்கிய இரண்டு கிலோ. பெரியப்பா ஒரு துண்டு வாயில் போட்டார். நோட்டில் அல்வாவுக்கு எதிரே சரி என்று குறியிட்டார். நெல்லையப்பருக்கு எதிரே குறி விழவில்லை.

மறுநாள் குற்றாலம். இரண்டு பருவமழைக்கும் நடுவிலான நாட்கள் என்பதால், குளிக்கத் தோதாக அளவான தண்ணீர் விழும் என்று எழுதியிருந்தார். அப்படியே விழுந்தது. அதை அவர் ஏழெட்டுப் பேரிடம், முன்பின் தெரியாத ஒரு பரமக்குடிக் குடும்பம் உட்பட, சுட்டிக் காட்டினார். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை என்று வீட்டார் பைகளைச் சோதித்தார். தாளில் குளியலுக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் பெரியப்பா கரையில் நின்று எல்லோருடைய துணி, செருப்பு, கைக்கடிகாரம், செல்போன் ஆகியவற்றைக் காத்தார். "நீங்களும் வாங்களேன்" என்று பெரியம்மா ஈரப் புடவையோடு வந்து கூப்பிட்டபோது, "ஐந்தருவிக்கு இன்னும் பதினொரு நிமிஷந்தான் இருக்கு" என்றார்.

சொந்த டூர் இப்படிப் போனாலும், பிறத்தியார் டூர்களுக்கு அவர்தான் பஞ்சாங்கம். எதிர்வீட்டு மருத்துவர் திருச்செந்தூர் கிளம்புமுன் கேட்டார். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் சன்னிதிக்குப் போக வேண்டும், பனியன் கிழிசல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார். திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் புறப்பட்ட ஒரு கூட்டத்தைத் தக்கலைக்கு முன்பே போனில் தடுத்து நிறுத்தினார். அரண்மனை இருப்பது குமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்களன்று விடுமுறை. கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடமாட்டார்கள் என்பதால், குமரிக்குப் போகிறவர்களுக்கு எப்போதும் இரண்டு திட்டம் எழுதித் தருவார், ஒன்று சிவப்பு, ஒன்று ஊதா. இவர்கள் எல்லோரும் போய்வந்து, படம் காட்டி, முறுக்கும் பால்கோவாவும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஊர் மாறி வந்த பண்டம்தான்; பெரியப்பா தின்றுவிடுகிறார்.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு புதுத் திட்டம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கொடைக்கானலில் 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. மழைக் கட்டம் நிரம்பியிருக்கிறது: ஆகஸ்டிலிருந்து அக்டோபர், மூடுபனி, ஸ்வெட்டர். நடைக் கட்டத்தில் குறிஞ்சியாண்டவர் கோயில். கடைக் கட்டத்தில் மலைப்பூண்டு, அதுவும் குறியீடு வாங்கியது, 2019. புரட்டாசி குறுக்கே வந்தாலும் பாதகமில்லை, பூவுக்கு அசைவம் தேவையில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"உறவுக் கட்டம் காலியா இருக்கே?"

"கொடைக்கானல்ல நமக்கு யாரு இருக்கா? அதுக்குத்தான் அந்த ஊரையே எடுத்தேன்."

"மலைக்கு வத்தலக்குண்டு வழியாத்தானே போகணும்?"

பெரியப்பா பேனாவைக் கீழே வைத்தார்.

"சம்பந்தியோட தங்கச்சியை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு," என்றாள் பெரியம்மா. "நம்ம வாரோம்னு இப்பவே சொல்லி வச்சிருதேன்."