பத்து நைட்டு, பதினோரு டே

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்து, கலச நீர் பட்ட தலை காய்வதற்குள், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மகன் ஒரு கவரை நீட்டுவான். உள்ளே ஐரோப்பா இருக்கும். ஏழு நாடு, பத்து நைட்டு, பதினோரு டே, இந்தியச் சாப்பாடு உட்பட. அப்பா, ஊருக்கெல்லாம் 'சார்', வங்கியிலோ மின்வாரியத்திலோ காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அம்மா அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து ஓய்வு பெறாதவர். "எதுக்குப்பா இவ்வளவு செலவு?" என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். டூர் முடிந்து வீடு திரும்பும்வரை அவர்கள் ஒரே குரலில் சொல்லும் கடைசி வார்த்தை அதுதான்.

இந்தத் தம்பதியை ஏப்ரல், மே மாதங்களில் சென்னை விமான நிலையத்தில் தவறாமல் பார்க்கலாம். டூர் கம்பெனி கொடுத்த தொப்பியும் தோள்பையும் அடையாளம். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சுடிதார் போட்டிருப்பார். துப்பட்டாவை முந்தானையாக நினைத்து இடுப்பில் செருகிச் செருகிப் பார்ப்பார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். சார் கழுத்தில் மஃப்ளர் ஏறியிருக்கும்.

சாரின் பயணம் விசா ஃபைலிலேயே தொடங்கிவிடுகிறது. எல்லாவற்றிலும் மூன்று நகல், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொன்றிலும் கையெழுத்து. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். "நம்ம ஒவ்வொரு உசிருக்கும் முப்பது லட்சம்னு வெள்ளைக்காரனே வெலை போட்டுட்டான்" என்று நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொல்லிக்கொள்வார். முப்பத்தைந்து வருஷச் சர்வீஸில் யாரும் அந்த அளவுக்கு மதித்ததில்லை.

அம்மாவின் பயணம் அடுப்படியில் தொடங்குகிறது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, நார்த்தங்காய், முறுக்கு, முதல் நாளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. பால் பொருள்களை ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று சார் எங்கோ படித்துவிட்டு நெய் டப்பாவை வெளியே எடுத்து வைப்பார். அம்மா எதிர்த்துப் பேச மாட்டார். இட்லிக்குத் தடவுகிற நெய்யை மட்டும் கொஞ்சம் தாராளமாக்கிவிடுவார். பெட்டிக்கு 23 கிலோதான். சார் கொக்கித் தராசில் மாட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கி, 22.8 வந்ததும் பேனாவால் குறித்து வைத்துவிட்டுப் படுக்கப் போவார். விமான நிலையத்தில் அதே பெட்டி 24.1 காட்டும். இடையில் ராத்திரி என்ன நடந்தது என்பது முறுக்கு டப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

போய் இறங்கினால் டூர் மேனேஜர் என்றொரு இளைஞன் வருவான். ஆறு, ஏழு, எட்டு என்பது அவன் மந்திரம்: ஆறு மணிக்கு எழுப்புவான், ஏழுக்குச் சாப்பாடு, எட்டுக்கு பஸ். பஸ்ஸுக்குள் தின்னக் கூடாது. ஹோட்டல் அறையில் ஊதுபத்தி ஏற்றக் கூடாது. ஏற்றினால் தீயணைப்பு வண்டி வரும், பில்லும் வரும். தினமும் சீட் மாறி உட்கார வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு சார் தானாக முன்வந்து ஒரு சார்ட் போட்டுக் கொடுப்பார். அந்தச் சார்ட்டின்படி ஆல்ப்ஸ் வரும் நாளில் முதல் வரிசை யாருக்கு வாய்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'பேனரமிக் டூர்' என்று அச்சிட்டிருந்தால் பஸ் நிற்காது என்று அர்த்தம் என்பது மட்டும் அவருக்கு இரண்டாம் நாள்தான் புரியும்.

சாருக்கு ஐரோப்பா முழுக்க எண்கள். ஒன்று உயரம், இன்னொன்று ரூபாய். யூரோ எழுபது, எண்பது ரூபாயாக இருந்த காலத்தில் பெருக்கிப் பார்ப்பதற்குள் தாகமே அடங்கிவிடும். இப்போது நூறை ஒட்டி வந்து நின்றுவிட்டதால் இரண்டு சைபர் சேர்த்தால் போதும், வயிற்றெரிச்சல் உடனுக்குடன். "தண்ணி முந்நூறு ரூபா" என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை மருந்து மாதிரி மூடியில் ஊற்றிக் குடிப்பார்.

இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போகும் இடம் ஜெர்மனியின் நெடுஞ்சாலை. பஸ் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. சர்க்கரை இருப்பவர் நாலரை மணி நேரம் அடக்கி உட்கார வேண்டும் என்று சட்டம் இல்லை. சார் நடுவில் நிறுத்தச் சொல்வார். கழிப்பறை வாசலில் தானியங்கிக் கதவு. ஒரு யூரோ போட்டால் திறக்கும், கூடவே பக்கத்துக் கடையில் கழித்துக்கொள்ள ஒரு கூப்பன் வரும். நூறு ரூபாய்க் கூப்பனைக் கிழித்துப் போட மனசு வருமா? அதைக் கழிப்பதற்காக நாலு யூரோவுக்குக் காபி வாங்குவார். அந்தக் காபி அடுத்த நூறு கிலோமீட்டரில் தன் வேலையைக் காட்டும். மறுபடி ஒரு யூரோ, மறுபடி ஒரு கூப்பன். ஜெர்மனியைப் பற்றி அவர் பின்னாளில் சொல்வதெல்லாம், "சிஸ்டம் சார், சிஸ்டம்!"

ஆனால் பாரிஸ் இதற்கு முன்பே வந்துவிடும். ஐஃபல் கோபுரம் 330 மீட்டர், கட்டி முடித்தது 1889 என்று சார் பஸ்ஸிலேயே எல்லோருக்கும் அறிவித்துவிடுவார். இருட்டிய பிறகு மணிக்கு ஒருதரம், சரியாக ஐந்து நிமிடம், கோபுரம் முழுக்க விளக்குகள் மினுமினுக்கும். மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது சார் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பார். மினுமினுப்பு தொடங்கும். திரையில் 'இடமில்லை' என்று வரும். குடும்பக் குழுவில் மூன்று வருஷமாகச் சேர்ந்த காலை வணக்கம், பொங்கல் வாழ்த்து, முருகன் படம் எல்லாவற்றையும் குனிந்து நின்று ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்குவார். முருகனை அழிக்கலாமா என்று ஒரு கணம் தயக்கம். நிமிர்ந்து பார்த்தால் ஐந்து நிமிடம் முடிந்திருக்கும். "எப்படி இருந்துச்சு?" என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருக்கும். "நல்லாத்தாங்க இருந்துச்சு. நீங்க ஏன் குனிஞ்சுக்கிட்டே இருந்தீங்க?"

லூவர் அருங்காட்சியகத்தில் மோனலிசாவுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும் சார் சொல்வது ஒரே வார்த்தை: "ஜருகண்டி!" திருப்பதியில் பழகிய முழங்கை அங்கேயும் உதவுகிறது. முண்டியடித்து முன்வரிசைக்கு அடுத்த வரிசைவரை போய், 77 சென்டிமீட்டர் உயரப் படத்தைக் குண்டு துளைக்காத கண்ணாடி வழியே எடுப்பார். படத்தில் மோனலிசாவைவிட முன்னால் நிற்பவரின் பின்மண்டை தெளிவாக விழும். அம்மாவால் அந்தக் கூட்டத்துக்குள் போக முடியாது. ஒதுங்கிப் போய்த் திரும்பி நிற்பார்.

திரும்பி நின்றால் எதிர்ச்சுவர் முழுக்க ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். வெரோனீஸ் வரைந்த 'கானாவூர்க் கல்யாணம்'. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், ஆறே முக்கால் மீட்டர் உயரம். லூவரிலேயே பெரிய ஓவியம் அதுதான். வெனிஸ் மடமொன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்ததை 1797-ல் நெப்போலியனின் படை பெயர்த்து எடுத்துவந்தது. மோனலிசாவைப் படமெடுக்க வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் இதற்கு முதுகைத்தான் காட்டுகிறார்கள். அம்மாவுக்கு இந்தச் சரித்திரம் ஒன்றும் தெரியாது. கல்யாணம் தெரியும். பந்தி பரிமாறுகிறவன் யார், நடுவில் உட்கார்ந்து வாசிக்கிற மேளக்காரர் எத்தனை பேர், மேலே மாடியில் கறி வெட்டுகிறவன், காலடியில் நாய், ஒன்றையும் விடமாட்டார். கடைசியில் ஒரு குறை கண்டுபிடிப்பார்.

"ஏங்க, இங்க பாருங்க. பொண்ணையும் மாப்பிள்ளையையும் கொண்டுபோய் இடதுபக்கம் ஓரத்துல உக்கார வச்சிருக்காங்க."

"வா, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அம்மா சொன்னது சரி. நடு இருக்கை இயேசுவுக்கு. மணமக்கள் மேஜையின் இடது கோடியில்தான் இருக்கிறார்கள். ஓவியம் படித்தவர்கள் சுட்டிக்காட்டுகிற விஷயம் அது. நான் அம்மா கட்சி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிரஸ்ஸல்ஸில் ஒன்றுக்குப் போகும் சிறுவன் சிலையைப் பார்க்கக் கல் பாவிய தெருக்களில் நடக்கவிடுவார்கள். சிலை சுமார் இரண்டடி. "இதுக்கா இவ்வளவு தூரம் நடத்துனான்?" என்பது சார். "இவனுக்கு ஆயிரம் சட்டைக்கு மேல இருக்காமே, கைடு தம்பி சொல்லுச்சு. இருந்தும் ஒண்ணுமில்லாம இந்தக் குளிர்ல நிக்க வச்சிருக்காங்களே!" என்பது அம்மா. ஆயிரத்துக்கு மேல் உடை இருப்பது உண்மை. அவற்றுக்கென்று தனி அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் சார் வேறு மனிதராகிவிடுவார். ரைன் அருவி 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நம்ம ஹொகேனக்கல்ல எண்ணெய் தேய்ச்சு விடுவான், மீன் வறுத்துத் தருவான். இங்க என்ன இருக்கு?" என்பார். இதே சார் ஊருக்குத் திரும்பி ஹொகேனக்கல் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ரைன் அருவிப் பக்கம் ஒரு காகிதத் துண்டைப் பாக்க முடியாது" என்பார். நிற்கிற ஊரைத் திட்டி நிற்காத ஊரைப் புகழ்வதில் அவருக்கு நிகர் அவர்தான். பாஸ்போர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலையில் இருந்தபோதும் பழைய ஆபீஸைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்.

யுங்ஃப்ராவுக்கு மலையைக் குடைந்து ரயில் போட்டிருக்கிறார்கள். 1896-ல் தொடங்கி 1912-ல் முடித்தார்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். மேலே ரயில் நிலையம் 3,454 மீட்டரில். சார் இறங்கியதும் அந்த எண் எழுதிய பலகையைத் தேடிப் போவார், பலகையோடு படம் எடுத்துக்கொள்வார், மூச்சு வாங்குகிறதென்று உட்கார்ந்துவிடுவார். இந்தியர் கூட்டம் வருவதால் அங்கே பருப்பும் சோறும் கிடைக்கும். ஒரு வாய் போட்டதும் அம்மாவின் புருவம் உயரும்.

"இங்க எப்படிங்க சோறு வேகுது?"

"அடுப்பு வச்சாத் தண்ணி கொதிக்காதா? கொதிச்சா வேகும்."

"அதான் கேக்குறேன். கொடைக்கானல்ல எங்க அக்கா வீட்டுல குக்கர் இல்லாமப் பருப்பு வேகாது. இது அதைவிட எவ்வளவு ஒசரம்!"

சார் ஓர் அரைப் புன்னகையோடு பஸ் கூட்டத்தைத் திரும்பிப் பார்ப்பார். ஆனால் விஞ்ஞானம் அம்மா பக்கம். உயரம் ஏறினால் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. 3,454 மீட்டரில் 90 டிகிரியை எட்டும் முன்பே கொதி வந்துவிடும். கொதிக்கும், வேகாது. அம்மா தட்டோடு எழுந்து போய்ப் பரிமாறும் பையனிடம், பாஷை இல்லாமலே, வட்டமாகக் கையைக் காட்டி, "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்று இரண்டு விசில் அடித்துக் காட்டுவார். பையன் சிரித்துத் தலையாட்டுவான். 3,454 மீட்டர் உயரத்தில் நடந்த அந்தப் பேச்சுவார்த்தை சாரின் கைப்பேசியில் இல்லை. அவர் அப்போது ஜன்னல் வழியே பனியை எடுத்துக்கொண்டிருப்பார். வீட்டில் வந்து பார்த்தால் அந்தப் படங்கள் வெள்ளைச் சுவர்போல் இருக்கும்.

இத்தாலி சீக்கிரம் முடிந்துவிடும், காசும் முடிந்துவிட்டபடியால். பைசாவில் எல்லோரும் செய்வதுபோல் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவார் சார். 1998-ல் 'ஜீன்ஸ்' படப்பாட்டில் பார்த்ததிலிருந்து இந்த ஆசை. படமெடுக்கும் அம்மா நின்ற கோணத்தில் கை கோபுரத்தைத் தாங்காது. பக்கத்தில் நிற்கும் ஜெர்மன்காரரின் தோளைத் தள்ளும். "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல வா!" "எனக்கா உங்களுக்கா?" ரோமில் டிரெவி நீரூற்றில் தோளுக்குப் பின்னால் காசு போட வேண்டுமாம், மறுபடி ரோமுக்கு வரலாமாம். சார் பர்ஸைத் திறந்து தேடி ஒரு பத்து சென்ட்டைக் கண்டுபிடிப்பார். அந்தக் காசெல்லாம் தர்ம காரியத்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும் ரசீது உண்டா என்று விசாரிப்பார்.

அந்த மத்தியான வெயிலில் அவர் மறுபடி முந்நூறு ரூபாய்த் தண்ணீருக்கு வரிசையில் நிற்பார். அம்மா தெருமுனையில் நிற்பார். அங்கே இடுப்பளவில் ஓர் இரும்புக் குழாய், மூக்குபோல் வளைந்து, நிற்காமல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். ரோம் நகரம் முழுக்க இப்படிக் குழாய்கள் உண்டு. 1870-களில் வைக்கத் தொடங்கியவை, குடிக்கலாம், காசில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வருவான். குழாயின் வாயை விரலால் அடைப்பான். வளைவின் மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே வரும், வாயை வைத்துக் குடித்துவிட்டு ஓடுவான். அம்மா அக்கம்பக்கம் பார்ப்பார், துப்பட்டாவைச் செருகுவார், விரலால் அடைப்பார். முகமெல்லாம் நனையும். பாட்டிலும் நிறையும்.

"இதைக் குடிச்சு ஏதாவது ஆச்சுன்னா?" என்பார் சார்.

"அதான் முப்பது லட்சம் போட்டிருக்கே."

ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகிறவர்கள் யோசித்துப் போவது நல்லது. டிவியில் படம் ஓடும், பஜ்ஜி வரும், எழுந்திருக்க முடியாது. சார் ரிமோட்டோடு நின்று உயரங்களைச் சொல்வார். அடுத்து டூர் போகவிருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கென்று நாலு பக்கம் டைப் செய்து, நகலும் எடுத்து வைத்திருப்பார்: நாடுவாரியாக மீட்டர், கட்டிய வருஷம், கழிப்பறைக் கட்டணம். எதிர்வீட்டு அம்மாவை இந்த அம்மா அடுப்படிக்குக் கூட்டிப்போய்விடுவார். அங்கே என்ன பேசினார்கள் என்று கூடத்துக்குக் கேட்காது.

அந்த எதிர்வீட்டுத் தம்பதி போய்விட்டு வந்து, சாக்லேட் கொடுக்க ஒருநாள் சாயங்காலம் வருவார்கள். சார் ஆவலாக, "பேப்பர் யூஸ் ஆச்சா?" என்பார்.

"ஆச்சு சார். குழாயில தண்ணி குடிச்சோம். அப்புறம் பாரிஸ்ல அந்தக் கல்யாணம், அடேயப்பா! நீங்க பாத்தீங்கல்ல?"

"கல்யாணமா?" என்பார் சார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. "நமக்குப் பத்திரிகை வரலையே. யார் வீட்டுக் கல்யாணம்?"