வட்டிக்கடை அல்ல, ஐயா!

கேள்வி: கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கிய மகள், வென்ச்சர் கேப்பிட்டல் நிறுவனத்தில் சேரப்போகிறாளாம். இத்தனை வருஷம் படித்தது வட்டிக்கடை வைக்கவா?
– ஒரு தகப்பனார், தக்கலை

பதில்: வட்டிக்கடையில் நகையை உரசிப் பார்ப்பார்கள், உங்கள் மகள் உரசப்போவது யோசனையை! புது கம்பெனிகளில் பணம் போடும் தொழில் இது. இங்கே அடகும் கிடையாது, வட்டியும் கிடையாது. கம்பெனி மூழ்கினால் போட்ட பணமும் கூடவே மூழ்கும். அதனால்தான் விஷயம் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஆனந்த் ராஜாராமனைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டில் தரவுத்தள ஆராய்ச்சி செய்தவர். நண்பர்களோடு தொடங்கிய ஜங்லி என்ற கம்பெனியை 1998-ல் அமேசான் வாங்கியது. அடுத்து தொடங்கிய காஸ்மிக்ஸ் கம்பெனியை 2011-ல் வால்மார்ட் வாங்கியது. பிறகு வெங்கி ஹரிநாராயணோடு ராக்கெட்ஷிப் என்ற முதலீட்டு நிறுவனம். தேறக்கூடிய புது கம்பெனிகளை உலகம் முழுக்கத் தேடிப் பிடிக்க அங்கே அல்காரிதத்தையே ஏவுகிறார்கள். படித்த படிப்பில் ஒரு வரிகூட வீணாகவில்லை!

விண்வெளித் துறையிலும் இதே கதைதான். இஸ்ரோவுக்குத் தலைவர்களாகச் சரக்கல்விளை சிவனையும் மேலக்காட்டுவிளை நாராயணனையும் தந்த மாவட்டம் நம்முடையது. அந்தத் துறையின் புது கம்பெனிகளுக்கென 1,000 கோடி ரூபாய் நிதிக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ராக்கெட் இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், வரவு செலவுக் கணக்கை மட்டும் புரட்டி அந்தப் பணத்தை யாருக்கென்று கொடுப்பார்? அதை முடிவு செய்யும் நாற்காலிகளில் விஞ்ஞானிகள் கட்டாயம் உட்கார வேண்டும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: முதலில் ஒரு புது கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்க்கட்டும். ராஜாராமனும் தானே கம்பெனி நடத்திப் பார்த்த பிறகுதான் பிறர் கம்பெனியில் பணம் போட வந்தார்.